எட்மண்ட் கெல்ஸ்: வேர்ச் சிகிச்சை செய்த பல்லின் உள்ளே பார்த்தவர்

தாடையின் கீழ்ப்பகுதித் தோலில் ஒரு சிறு கட்டி. சில நாள் உடைந்து சீழ் வடியும். பிறகு தானே ஆறும். ஒன்றிரண்டு மாதங்களில் அதே இடத்தில் மீண்டும் எழும். களிம்பு தடவியும் மாத்திரை சாப்பிட்டும் தீராத இத்தகைய கட்டியோடு, ராஜபாளையம் வட்டத்தில் தேவதானம், சேத்தூர் போன்ற ஊர்களிலிருந்து பொது மருத்துவப் பிரிவுக்கு வருவோர் உண்டு. பல்லைப் பற்றிக் கேட்டால், பல்லில் வலி ஏதும் இல்லை என்பார்கள். சற்று நினைவூட்டிக் கேட்ட பிறகு, அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல்லுக்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் நரம்பு எடுத்துக் கேப் போட்டது நினைவுக்கு வரும். வலியே இல்லாத பல், அதுவும் செலவு செய்து சரிசெய்த பல், எப்படிக் காரணமாகும் என்ற ஐயம் அவர்கள் முகத்தில் தெரியும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், அந்தப் பல்லின் வேர் நுனியைச் சுற்றி ஒரு கருநிழல் இருக்கும்.

அந்த நிழலைப் பார்க்கும் வழியை வேர்ச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தவர் சார்லஸ் எட்மண்ட் கெல்ஸ் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர். பல் மருத்துவ வரலாற்றில் அவர் பெயர் நன்கு அறியப்பட்டது. செய்த வேர்ச் சிகிச்சை சரியாக அமைந்ததா என்பதை எப்படி அறிவது, அமையவில்லை என்று தெரிந்தால் அந்தப் பல்லை என்ன செய்வது என்னும் இரண்டு கேள்விகளோடும் அவர் வாழ்நாள் முழுதும் போராடினார். நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்வோரும் இன்று கேட்கும் கேள்விகளும் அவையே.

நியூ ஆர்லியன்ஸ் பல் மருத்துவர்

கெல்ஸ் 1856ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தார். தந்தையும் பல் மருத்துவரே. நியூயார்க் பல் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1878இல் பட்டம் பெற்ற கெல்ஸ், ஊர் திரும்பித் தந்தையோடு சேர்ந்து தொழிலைத் தொடங்கினார். நியூயார்க்கில் படித்த காலத்தில், எடிசனின் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்களோடு பழகும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. மின்சாரத்தின் மீது அன்று ஏற்பட்ட பற்று கடைசிவரை நீங்கவில்லை. நகரத்திற்கு மின்சாரம் வந்ததும் அதைத் தம் மருத்துவ அறைக்குள் கொண்டுவந்து கருவிகளை இயக்கினார். வாயில் ஊறும் எச்சிலையும் ரத்தத்தையும் உறிஞ்சி எடுக்கும் கருவி ஒன்றை வடிவமைத்தார். பின்னர் அது பொது அறுவைச் சிகிச்சைக்கும் பயன்பட்டது. இன்று பல் மருத்துவரின் நாற்காலியில் அமரும் எவருக்கும் வாயோரம் மாட்டப்படும் உறிஞ்சுகுழாய் பழக்கமானது. அந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்பவர்களுள் கெல்ஸும் ஒருவர்.

1885ஆம் ஆண்டு வாக்கில் தம் அறையில் பெண் உதவியாளர் ஒருவரை அவர் நியமித்தார். ஆண் துணையின்றிப் பல் மருத்துவரிடம் செல்லப் பெண்கள் தயங்கிய காலம் அது. உதவியாளரான பெண் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று தெரிந்ததும், பெண்கள் தனியாகவே வரத் தொடங்கினர். சிறு செய்திதான், ஆனால் வீட்டுப் பெண்களின் பல் வலி வெகுநாள் ஒத்திப்போடப்படுவதை இன்றும் காணும் ஒரு மருத்துவரால் இதைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை.

ஈயக் கம்பியும் ஒரு படமும்

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியில் வில்ஹெல்ம் ராண்ட்கன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே ஓட்டோ வால்காஃப் என்னும் ஜெர்மானியர் தம் பற்களையே படம் எடுத்துக்கொண்டார். ஒரே ஒரு படத்திற்கு அவர் 25 நிமிடம் கதிரின் முன் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. கெல்ஸும் தாமதிக்கவில்லை. கருவியை வரவழைத்து, 1896லேயே உயிருள்ள மனிதரின் பல்லைப் படம் எடுத்தார். அதே ஆண்டு ஜூலையில் ஆஷ்வில் நகரில் கூடிய தென் மாநிலப் பல் மருத்துவர்கள் முன்னிலையில் அதைச் செய்து காட்டினார்.

வேர்ச் சிகிச்சை என்பது என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக் குழாய்களும் கொண்ட மென்மையான கூழ் உள்ளது. சொத்தை ஆழமாகி அதைத் தொட்டுவிட்டால், கூழ் வீங்கி, அழுகி, கிருமிகளின் இருப்பிடமாகிறது. கூழை எடுத்து, வேரினுள் செல்லும் நுண்குழாய்களைச் சுத்தம் செய்து, மருந்துநீரால் கழுவி, வேர் நுனி வரை இறுக அடைத்து, மேலே கேப் போட்டு மூடுவதே வேர்ச் சிகிச்சை. மக்கள் இதை ரூட் கேனல் என்றும் நரம்பு எடுத்தல் என்றும் சொல்கின்றனர். அடைப்பதற்குப் பயன்படும் குட்டாபெர்ச்சா என்பது மலேயா காடுகளின் ஒரு மரத்துப் பால். 19ஆம் நூற்றாண்டிலிருந்து பயன்பாட்டில் உள்ளது.

கெல்ஸின் காலத்தில் இந்த வேலை முழுதும் கண்மூடிய வேலை. குழாய் எங்கே முடிகிறது, அடைப்பு நுனிவரை சென்றதா, பாதியில் நின்றுவிட்டதா என்பதைக் கைவிரலின் உணர்வு ஒன்றைக் கொண்டே மருத்துவர் ஊகிக்க வேண்டியிருந்தது. நோயாளிக்கு வலி நின்றால் வெற்றி. மீண்டும் வலித்தால் தோல்வி. வேறு அளவுகோல் இல்லை.

1899இல், மேல்வரிசை முன்பல் ஒன்றின் வேர்க்குழாயை அடைக்க முயன்றபோது கெல்ஸுக்கு ஒரு எண்ணம் தோன்றியது. மெல்லிய ஈயக் கம்பி ஒன்றைக் குழாய்க்குள் நுழைத்துவிட்டுப் படம் எடுத்தார். ஈயம் கதிரைத் தடுக்கும் ஆகையால் கம்பி படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அது வேர் நுனியைத் தொட்டதா இல்லையா என்பதும் தெரிந்தது. வேர்ச் சிகிச்சை சரியாக நடந்துள்ளதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் வழக்கம் இந்தப் படத்திலிருந்து தொடங்குகிறது. இன்றைய பல் மருத்துவர் ஈயக் கம்பிக்குப் பதிலாக மெல்லிய எஃகு அல்லது நிக்கல் டைட்டேனிய அரத்தை வைத்துப் படம் எடுக்கிறார். மின்கருவியாலும் நீளத்தை அளக்கிறார். கேள்வி அதேதான்.

வலி இல்லாமல் நடக்கும் தோல்வி

சரியாகச் செய்யப்பட்ட வேர்ச் சிகிச்சை பெரும்பாலும் நீடித்து நிற்கிறது. ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பற்கள் பல ஆண்டுகள் வாயில் நிலைக்கின்றன. மீதமுள்ளவற்றில் தோல்விக்குப் பல காரணங்கள். ஒரு குழாய் கண்ணில் படாமலே விடுபட்டிருக்கலாம். மேல் தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவதாக உள்ள நுண்குழாய் இப்படி அடிக்கடி விடுபடுவது. வேர் வளைந்திருந்தால் சுத்தம் செய்வது கடினம். அடைப்பு நுனிக்கு வெகு முன்பே நின்றிருக்கலாம்.

நான் காணும் நோயாளிகளிடம் மிகுதியாகத் தெரியும் காரணம் வேறொன்று. குழாயை அடைத்ததும் வலி நின்றுவிடுகிறது; கேப் போடுவதற்கு அடுத்த மாதம் வரலாம் என்று போகிறவர்கள் வருவதில்லை. தற்காலிகமாக வைத்த பூச்சு தேய்ந்து உதிர, எச்சிலும் கிருமிகளும் மீண்டும் உள்ளே இறங்குகின்றன. கூழை இழந்த கடைவாய்ப் பல் மெல்லும் அழுத்தத்தில் பிளந்துபோகவும் கூடும். கேப் என்பது அழகுக்காகச் சேர்க்கும் கூடுதல் செலவு என்று பலரும் எண்ணுகின்றனர். அது சிகிச்சையின் பாதி.

இப்போது அறிகுறிகளைப் பார்ப்போம். சிகிச்சை முடிந்த சில நாட்கள், ஒரு வாரம் வரைகூட, கடிக்கும்போது லேசான வலி இருப்பது இயல்பு. அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் நீடித்தாலோ, நன்றாக இருந்த பல் மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்துக் கடிக்கும்போது வலித்தாலோ, பல் சற்று உயர்ந்துவிட்டதுபோல் முதலில் இடித்தாலோ, காட்ட வேண்டும்.

வலியைவிட முக்கியமானது ஈறு. அந்தப் பல்லுக்கு நேராக ஈறில் பரு போன்ற ஒரு கொப்புளம் எழுந்து, உடைந்து, மறைந்து, மீண்டும் வருமானால், அது வேர் நுனியில் சேரும் சீழ் வெளியேறும் வாய். சீழ் தேங்காமல் வடிந்துவிடுவதால் வலி இருப்பதில்லை. அதனாலேயே மக்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. காலையில் எழுந்ததும் வாயில் உப்புக் கலந்த கெட்ட சுவை, ஒரு பக்கம் மட்டும் துர்நாற்றம் ஆகியவையும் இதனால் வரலாம். சிலருக்கு அந்தச் சீழ் உள்ளே ஈறில் திறக்காமல் வெளியே தாடைத் தோலில் திறக்கிறது. தொடக்கத்தில் சொன்ன கட்டி இதுவே. தோலுக்கு எத்தனை மருந்து போட்டாலும் ஆறாது. பல்லைச் சரிசெய்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். மேல் கடைவாய்ப் பல்லின் வேர்கள் கன்னத்துச் சைனஸ் அறைக்கு மிக அருகில் இருப்பதால், ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு நீடிக்கும் சளிக்கும் பழைய வேர்ச் சிகிச்சை காரணமாக இருப்பதுண்டு.

கேப் ஆடுவது, கழன்று விழுவது, கேப்பின் ஓரத்தில் புதிய சொத்தை, முன்பு இல்லாத அசைவு ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். கேப் விழுந்தால் வலியில்லை என்று விட்டுவிடாமல் அதே வாரம் செல்வது நல்லது. பல் கறுத்துப்போவது மட்டும் தோல்வியின் அடையாளம் ஆகாது. கூழ் இல்லாத பல் நிறம் மங்குவது உண்டு. குளிர்ந்த நீர் குடித்தால் கூசுகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி பக்கத்துப் பல். ஏனெனில் நரம்பு எடுத்த பல்லுக்குக் குளிர் தெரியாது. அரிதாக, விடுபட்ட குழாயில் எஞ்சிய நரம்பும் காரணமாகலாம்.

முதுமையாலோ பக்கவாதத்தாலோ நினைவிழப்பாலோ தம் வலியைச் சொல்ல இயலாதவர்களைப் பார்த்துக்கொள்வோருக்கு ஒரு வேண்டுகோள். அவர் ஒரு பக்கமாகவே மெல்லுகிறாரா, கெட்டியான உணவை ஒதுக்குகிறாரா, கன்னத்தைத் தொட்டால் விலகுகிறாரா என்று பாருங்கள். வாரம் ஒருமுறை டார்ச் ஒளியில் உதட்டையும் கன்னத்தையும் மெல்ல விலக்கி, கேப் போட்ட பற்களின் ஈறைப் பாருங்கள். பருவோ சீழோ தெரிந்தால் அழுத்திப் பிதுக்க வேண்டாம்.

இவை எதுவுமே இல்லாமலும் வேர் நுனியில் எலும்பு கரையலாம். அதனால்தான் சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டில் ஒரு முறையேனும் மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு செய்வதும் சரியன்று. சிகிச்சைக்கு முன்பே பெரிய நிழல் இருந்திருந்தால், அது முழுதும் மறைய மாதங்கள் ஆகும். சிலருக்கு நான்கு ஆண்டுகள் வரை ஆகலாம். பழைய படத்தோடு ஒப்பிட்டு, நிழல் சுருங்குகிறதா வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழ்த்தாடையில் நரம்பு வெளிவரும் இயல்பான துளையே வேர் நுனியில் உள்ள நோய்போலத் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு. ஈறில் சீழ் வாய் இருந்தால், மெல்லிய குட்டாபெர்ச்சாக் குச்சி ஒன்றை அதன் வழியே மெதுவாகச் செலுத்திப் படம் எடுப்பார்கள். குச்சியின் முனை எந்தப் பல்லின் வேரில் போய் நிற்கிறதோ அதுவே காரணமான பல். 1899இல் கெல்ஸ் ஈயக் கம்பியைக் கொண்டு செய்ததன் வழிவந்த உத்தி இது.

பல் பிடுங்கும் காலம்

கெல்ஸின் படங்கள் நன்மையோடு ஒரு தீமையையும் அழைத்து வந்தன. வேர் நுனியின் நிழலை இப்போது எவரும் பார்க்க முடிந்தது. 1910இல் வில்லியம் ஹன்டர் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆற்றிய உரையில், பழுதாகச் செய்த பல் வேலைகளின் அடியில் தேங்கும் அழுக்கே பல உடல் நோய்களுக்கு மூலம் என்று சாடினார். அதில் ஓரளவு உண்மை இருந்தது. அன்றைய பல் வேலைகள் பலவும் சுத்தமற்றவை. ஆனால் அது வளர்ந்து, மூட்டுவலி, சிறுநீரக நோய், மனநோய் என எதற்கும் பல்லைப் பிடுங்கும் வழக்கமாக மாறியது. கிளீவ்லாந்தைச் சேர்ந்த வெஸ்டன் பிரைஸ், வேர்ச் சிகிச்சை செய்த பற்களை முயல்களின் தோலடியில் வைத்து ஆராய்ந்து, அவை நோயைப் பரப்புவதாக 1923இல் நூல் எழுதினார். பொது மருத்துவர் சீட்டு எழுத, பல் மருத்துவர் பிடுங்க, நல்ல பற்களும் போயின.

கெல்ஸ் இதை எதிர்த்தார். எக்ஸ்ரேயைப் பல் மருத்துவத்திற்குக் கொண்டுவந்த கைகளே அதன் தவறான பயன்பாட்டைக் கண்டித்தன என்பது குறிப்பிடத்தக்கது. 1920இல் பல் மருத்துவர்களிடையே பேசியும் எழுதியும், காரணமின்றிக் கூட்டமாகப் பற்களைப் பிடுங்குவது அக்காலத்தின் பெருங்குற்றம் என்னும் நிலையை அவர் எடுத்தார். பொது மருத்துவர் கட்டளையிட்டார் என்பதற்காகப் பல் மருத்துவர் தம் சொந்தத் தீர்ப்பைக் கைவிடக் கூடாது, நோயுள்ள பல் எது, நோயற்ற பல் எது என்று பார்த்துச் சொல்வது அவருடைய பொறுப்பு என்பது அவர் வாதம். இந்தியாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் தொடங்கியதும் அதே 1920ஆம் ஆண்டுதான். நம் நாட்டில் இத்துறை பிறந்தபோது உலகில் இந்தச் சண்டை உச்சத்தில் இருந்தது.

தம் வாதம் வென்றதைக் கெல்ஸ் பார்க்கவில்லை. முன்பு பல் பிடுங்குவதை ஆதரித்த ரஸ்ஸல் செசில் என்னும் மருத்துவரே, 200 மூட்டுவாத நோயாளிகளை ஆராய்ந்து, பற்களை அகற்றியதால் பயன் இல்லை என்று 1938இல் வெளியிட்டார். பிரைஸின் சோதனைகளை முறையான கட்டுப்பாடுகளோடு பிறர் செய்தபோது அவர் சொன்ன முடிவு கிடைக்கவில்லை. இருந்தும் அந்தப் பழைய அச்சம் சாகவில்லை. வேர்ச் சிகிச்சை செய்த பல் புற்றுநோய் தரும் என்ற செய்தி இன்று கைபேசிகளில் உலவுகிறது. அதைக் காட்டி, எந்தக் குறையும் இல்லாத பல்லைப் பிடுங்கிவிடுமாறு கேட்டு வருவோர் இருக்கின்றனர். அதற்கு அறிவியல் சான்று இல்லை.

தோற்ற பல்லுக்கு என்ன வழி

தோற்றுவிட்டது என்று தெரிந்த பல்லுக்கும் பிடுங்குவது ஒன்றே வழியன்று. பழைய அடைப்பை எடுத்துவிட்டு, விடுபட்ட குழாயைத் தேடி, மீண்டும் சுத்தம் செய்து அடைக்கலாம். இதன் வெற்றி முதல் முறையைவிடச் சற்றுக் குறைவு. எனினும் பெரும்பாலான பற்கள் காக்கப்படுகின்றன. உள்ளே பெரிய உலோக முளை இருந்து மேலிருந்து நுழைய முடியாவிட்டால், ஈறைத் திறந்து வேர் நுனியை மட்டும் வெட்டி மூடும் சிறு அறுவை உண்டு. வேர் நெடுக்குவாட்டில் பிளந்திருந்தால், அல்லது சொத்தை எலும்புக்குக் கீழே போயிருந்தால், பல்லை எடுப்பதே சரி. எடுத்த இடத்தை எப்படி நிரப்புவது, என்ன செலவாகும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எலும்புத் தேய்மானத்திற்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களும், தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் பல் பிடுங்கும் முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிடுங்கிய இடத்து எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. அத்தகையோருக்குப் பல்லைக் காப்பாற்றும் மறுசிகிச்சையே பெரும்பாலும் முதலில் கருதப்படும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வேர் நுனிப் புண் மெதுவாக ஆறும். சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைப்பதும் சிகிச்சையின் பகுதி.

மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் ஆன்டிபயாட்டிக் பற்றியும் சொல்ல வேண்டும். வேர்க்குழாயில் ரத்த ஓட்டம் இல்லை. ரத்தத்தின் வழியே செல்லும் மருந்து அங்குள்ள கிருமிகளைச் சேர்வதில்லை. வீக்கம் வற்றும், ஆள் தேறியதுபோல் தெரியும், மூலம் அப்படியே இருக்கும். வீக்கம் பரவும்போதும் காய்ச்சல் இருக்கும்போதும் மருத்துவர் அதை எழுதித் தருவார். அது பல்லைச் சரிசெய்யும் சிகிச்சைக்குத் துணையே. கிராம்பும் உப்புநீரும் சற்று ஆறுதல் தரலாம். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. கன்னத்தில் சூடான ஒத்தடம் வேண்டாம்.

கன்னம் அல்லது தாடைக்குக் கீழே வேகமாக வீங்குதல், நாக்கின் அடி உயர்தல், வாய் திறக்க இயலாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், கண் மூடும் அளவு வீக்கம், குளிர்காய்ச்சல் இவற்றில் எது தோன்றினாலும் மறுநாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. கழுத்துக்குள் இறங்கும் பல் சீழ் மூச்சுக்குழாயை அடைத்து உயிரைப் பறிக்கக் கூடியது. உடனே 108ஐ அழைத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கெல்ஸின் கைகள்

கதிரால் கேடு விளையும் என்பதை அறியாத நாட்களில், கருவி சரியாக இயங்குகிறதா என்று பார்க்கக் கெல்ஸ் தம் கையையே கதிரின் முன் நீட்டிப் பார்ப்பார். அக்கால வழக்கம் அது. நோயாளிகளின் வாயில் படத்தகட்டைப் பிடித்ததும் அவர் கையே. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கதிரால் உண்டான புற்றுநோயில் 1904இல் இறந்தபோது எச்சரிக்கை பரவத் தொடங்கியது. கெல்ஸுக்கு அது காலம் கடந்த செய்தி. அவர் விரல்களின் தோல் தடித்து, வெடித்து, புற்றாக மாறியது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. விரல்கள், பிறகு கை, பிறகு புயம் என ஒவ்வொன்றாக இழந்தார். அந்த நிலையிலும் எழுதினார். 1926இல் தம் வாழ்க்கையையும் தொழிலையும் பற்றி நூல் வெளியிட்டார். 1928 மே 7 அன்று, 71ஆம் வயதில், நோயின் வேதனை தாங்காமல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். இன்று அத்தகைய வேதனைக்கு வலி தணிப்பு மருத்துவமும் மனநல உதவியும் உள்ளன; தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

இந்த முடிவைக் கேட்டு எக்ஸ்ரேக்கு அஞ்ச வேண்டியதில்லை. கெல்ஸ் ஆண்டுக்கணக்கில், தடுப்பு ஏதுமின்றி, நாள்தோறும் கதிரை வாங்கினார். இன்று ஒரு பல்லுக்கு எடுக்கும் படம் ஒரு நொடிக்கும் குறைந்த நேரமே எடுக்கிறது. அதில் உடல் பெறும் கதிர், மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஒரே நாளில் நாம் இயல்பாகப் பெறும் அளவுக்குள் அடங்குவது. கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தேவைப்பட்டால் அவர்களுக்கும் தக்க பாதுகாப்போடு எடுக்கலாம். படம் எடுக்கும்போது குழந்தையின் வாயில் தகட்டைப் பிடித்துக்கொள்ள ஊழியர் கை நீட்டாமல் பிடிப்பானைப் பயன்படுத்துவதும், அவர் அறைக்கு வெளியே நிற்பதும் கெல்ஸ் போன்றோரின் கைகள் கற்றுத்தந்த வழக்கங்கள்.

பழைய வேர்ச் சிகிச்சையைக் காட்ட அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவுக்கு வரும்போது, சிகிச்சை செய்த ஆண்டு, எத்தனை அமர்வுகள், கேப் எப்போது போடப்பட்டது, ஈறில் கொப்புளம் வந்த நாட்கள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வாருங்கள். சாப்பிடும் மருந்துகளின் சீட்டும் வேண்டும். அன்று எடுத்த எக்ஸ்ரே வீட்டில் எங்கேனும் உறையில் இருந்தால், அல்லது கைபேசியில் படமாக இருந்தால், அதையும் கொண்டு வாருங்கள். கிடைக்காவிட்டாலும் வாருங்கள், இன்று எடுக்கும் படத்தை அடுத்த ஆண்டு ஒப்பிட வைத்துக்கொள்ளலாம்.